நான் எழுதி, மஞ்சுளா பெயரில் வந்த பத்தி

ஒரு மாணவி எழுதிய கூத்து விமர்சனத்தின் கடைசிப் பத்தியை அழித்தேன். அவர் சொன்னதற்கு நேரெதிரான ஒரு பத்தியை நானே எழுதிச் சேர்த்து, அவர் பெயரிலேயே அச்சிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவர் வந்து கேட்ட பிறகும் திருத்தம் போடவில்லை. அதோடு நிற்காமல், அந்த விமர்சனத்தையே சில ஆண்டுகள் வகுப்பில் மாதிரியாக வைத்துப் பாடம் நடத்தினேன்.

இதழியலையும் பதிப்பையும் பண்பாட்டு விமர்சனத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் நம்முடைய முதுகலைத் துறைக்கு நீங்கள் ஆசிரியராகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பக்கம் கட்டுவதும் மெய்ப்புப் பார்ப்பதும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. நான் நன்றாகச் செய்த சில காரியங்களை என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒடுகத்தூர்க்காரன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். சந்தை நாளில் ஜவ்வாது மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் இறங்கும். கொண்டுவருபவர்களிடம் அப்பா அன்பாகத்தான் இருப்பார். ஆனால் தன்னைவிட மூத்தவரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். அவர்கள் போன பிறகு, "வெள்ளந்தி ஜனம்" என்பார். அந்தச் சொல்லோடு நான் வளர்ந்தேன். படித்தேன், செய்தித்தாளில் வேலை பார்த்தேன், பேராசிரியர் ஆனேன். அந்தச் சொல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு நல்ல சட்டை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

மஞ்சுளா அதே ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். அவருடைய சித்தப்பா வெள்ளையன் அங்கே கூத்து வாத்தியார். குழுவை நடத்துபவரும் அவர்தான், பெண் வேஷம் கட்டுபவரும் அவர்தான். விமர்சனம் எழுதுவது பற்றிய முதல் வகுப்பில், கலைஞரைத் தெரிந்திருந்தால் எழுத முடியுமா என்று ஒரு விவாதம் வந்தது. முடியாது என்று பலர் சொன்னார்கள். மஞ்சுளா எழுந்தார்.

"எங்க ஊர்ல விமர்சனம்லாம் காலையிலயே முடிஞ்சிரும் சார். கூத்து விட்டதும் வேஷம் கலைப்பாங்க இல்ல, அப்போ சுத்தி ஒக்காந்துகினு யாரு வேணா இன்னா வேணா சொல்லலாம். மொகத்துல சாயம் இருக்கிற வரைக்கும் வேஷக்காரங்க வாயத் தொறக்கக் கூடாது. தொடச்சி முடிச்சப்புறம் அவங்க திட்டுவாங்க."

"உன்னையும் திட்டுவாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்னத்தான் மொதல்ல கேப்பாங்க. அப்புறம் என்னத்தான் மொதல்ல திட்டுவாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதை ஒரு சுவையான வழக்கமாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில் அவர் எழுதிக் கொடுத்த விமர்சனம், அந்த வகுப்பிலேயே சிறந்தது. போருக்குப் புறப்படும் கணவனை மனைவி வாசலில் மறிக்கும் கட்டம். வெள்ளையன்தான் மனைவி வேஷம். மூன்று பத்திகளில் அவருடைய அடவையும் குரலையும், அவர் முந்தானையைக் கையாளும் விதத்தையும் மஞ்சுளா எழுதியிருந்தார். நேரில் பார்த்தது போல இருந்தது. கடைசிப் பத்தியில்தான் தீர்ப்பு. நினைவிலிருந்து சொல்கிறேன். "பாட்டில் அவள் கெஞ்சவில்லை. கேட்கிறாள். யாரைக் கேட்டுக்கொண்டு சாகப் போகிறாய் என்று கேட்கிறாள். வாத்தியார் அந்தக் கேள்விகளை அழுதுகொண்டே பாடுவதால் அழுகைதான் கேட்கிறது, கேள்வி கேட்கவில்லை. ஊரே அழுகிறது. அவர் அழுகையை நிறுத்தினால்தான் அவள் பேசுவது நம் காதில் விழும்."

நான் ஆசிரியராக இருந்த துறை இதழில் போடலாம் என்று எடுத்து வைத்தேன். இதழ் வெளியீட்டு விழாவில் மலைப் பண்பாட்டைப் பற்றிப் பேச வெளியிலிருந்து ஒரு விருந்தினர் வருவதாக இருந்தது. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய அன்று பிற்பகல், துறையில் எனக்கு மேலிருந்தவர் அறைக்கு வந்தார். "மலைக்கலைய பாராட்டி ஏதாவது இருக்கட்டும் சார். வர்றவரு அதத்தான் எடுத்துப் பேசுவாரு" என்றார். நான் மஞ்சுளாவின் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். முன்பு சிறப்பாகத் தெரிந்த கடைசிப் பத்தி இப்போது உறுத்தியது. சொந்தச் சித்தப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாளே, மலையில் இருக்கும் மனிதர் அச்சில் பார்த்தால் நொறுங்கிப்போவாரே என்று நினைத்தேன். மஞ்சுளா விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அச்சகத்திலிருந்து, "சார், பிளேட் போடணும். பக்கம் வருதா, இல்ல வேற வேலைய ஏத்தட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

நெருக்கடி இருந்தது உண்மை. அதைவிட உண்மையான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் போடுவதற்கு வேறொரு கட்டுரை என் கணினியில் தயாராக இருந்தது. மஞ்சுளாவின் விமர்சனத்தை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கலாம். அவருடைய முதல் மூன்று பத்திகள் நன்றாக இருந்தன. அவற்றை இழக்க எனக்கு மனமில்லை. அவர் எழுத்தும் வேண்டும், என் கருத்தும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

செய்தித்தாளில் நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு மூத்த துணையாசிரியர் இருந்தார். ஒரு கட்டுரையில் நான் ஒரு 'இல்லை'யை எடுத்துவிட்டதைப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "பேர் போட்டு வர்ற கட்டுரையில வாக்கியத்த எவ்ளோ வேணா வெட்டு. கருத்து புடிக்கலன்னா கட்டுரையையே திருப்பி அனுப்பிடு. நடுவுல வேற வழி இல்லப்பா" என்றார். அந்த விதியை அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் நானே சொல்லியிருக்கிறேன். அன்று பிற்பகலும் அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் எழுதிய பத்தி இது: "வெள்ளையன் வாத்தியாரின் அழுகை நம் விழிகளைக் கண்ணீர்க் குளமாக்குகிறது. கள்ளமறியாத மலைமண்ணின் ஈரம் அந்தக் குரலில் கசிகிறது." எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போனது. அனுப்பிவிட்டேன். விழாவில் விருந்தினர் அந்த வரிகளை மேடையில் வாசித்தார். கைதட்டல் எழுந்தது.

விடுமுறை முடிந்து வந்த மஞ்சுளா நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கடைசிப் பத்தி யாரு சார் எழுதனது?"

"கொஞ்சம் மெருகு போட்டேன்மா."

"இது மெருகா சார்? நான் வேணாம்னு சொன்னத நீங்க பிரமாதம்னு எழுதிகீறீங்க. எம் பேரு போட்டு."

"உங்க சித்தப்பா மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"அவருக்கு நான் சொல்றது புதுசு இல்ல சார். கூத்து விட்ட அன்னிக்கே, காலையில அவரு மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். மொகத்தத் தொடச்சிட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இங்க ஒக்காந்து எல்லாரும்தான் பேசுவாங்க. நீ படிச்சவளாச்சே, அச்சுல எழுது. நாலு ஊரு படிக்கும். அப்பவும் நீ அதையே சொன்னா, நான் மாத்திக் கட்றேன்'னு சொன்னாரு. பந்தயம் மாதிரி சார். இப்போ இது கூத்துக்காரங்க வாட்ஸாப் குரூப்புல சுத்துது."

"என்ன சொன்னார்?"

"'என்னாண்ட ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். மத்தவங்க எனக்கு பேரே வெச்சிட்டாங்க. நான் தெருவுல போனா, 'கண்ணீர்க் கொளம் வருது, ஓரமா நில்லுங்க'ன்றாங்க."

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள் என்று கேட்டார். இதழின் பெயர் கெட்டுவிடும், விருந்தினருக்குச் சங்கடமாகும் என்று சொன்னேன். எனக்குச் சங்கடமாகும் என்பதுதான் அதில் இருந்த உண்மை. அவர் வாதாடவில்லை. அடுத்த பருவத்தில் விமர்சனப் பாடத்தை விட்டுவிட்டு நூல் தயாரிப்பை எடுத்துக்கொண்டார். நன்றாகத் தேறினார். வேலூரில் ஒரு பதிப்பகத்தில் சேர்ந்து, பிறர் எழுதியதைச் செம்மை செய்யும் வேலைக்குப் போனார். தன் பெயரில் ஒரு விமர்சனம்கூட அதன் பிறகு எழுதவில்லை. ஊரில், வேஷம் கலைக்கும் காலை வட்டத்தில் உட்காருவதையும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை என்பதால் நிறுத்தியிருக்கிறார்.

நானோ அந்த விமர்சனத்தைப் பாடத்தொகுப்பில் சேர்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கடைசிப் பத்தியின் கீழ்க் கோடு போடுவார்கள். "எவ்ளோ அழகா முடிச்சிருக்காங்க சார்" என்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் மகிழ்ச்சியாகவும் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு அதிகம் கூசுவது இந்த இடத்தில்தான்.

என் கடைசி ஆண்டு வகுப்பில் ஒரு மாணவர் கையைத் தூக்கினார். "சார், மொதல் மூணு பத்தி எழுதனவங்க கண்ணால பாக்கறாங்க. கடைசிப் பத்தி எழுதனவங்க அந்தக் கூத்தையே பாக்கலியோன்னு தோணுது. ஒரே ஆளா சார் எழுதனது?"

"நல்ல கேள்வி. யோசிங்க" என்றேன். மணி அடித்தது. நான் அந்தக் கூத்தைப் பார்த்ததில்லை. அந்த மலைக்குக் கூட்டத்தோடு சுற்றுலா போயிருக்கிறேன், அவ்வளவுதான். வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்குத் தெரிகிற பொய்யை அத்தனை நாள் அழகு என்று நம்பியிருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் செய்தது தவறு, அச்சில் ஒப்புக்கொண்டு எழுதப் போகிறேன், உங்களுடைய உண்மையான பத்தி இருந்தால் கொடுங்கள், அதையும் போடச் சொல்கிறேன் என்றேன். அவர் பக்கம் அச்சு இயந்திரத்தின் ஓசை கேட்டது.

"போடுங்க சார். அது நீங்க செய்ய வேண்டியதுதான். ஆனா சித்தப்பா இனிமே அச்சுல வர்றத நம்பமாட்டாரு. அவராண்ட வாயால சொல்லணும். காலையில, எல்லாரும் இருக்கும்போது. எங்க ஊர்ல அதுக்கு ஒரு நேரம் இருக்குது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வர்றேன்."

"கூத்து பாத்துட்டுதான் பேசணும். தூங்கிட்டு வந்து பேசக் கூடாது."

அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு முதல் நாள் மலையடிவாரத்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஷேர் ஜீப்பில் மேலே ஏறினேன். இரவெல்லாம் விழித்திருந்து கூத்தை முழுதாகப் பார்த்தேன். வெள்ளையனுக்கு வயதாகிவிட்டது. இப்போது பின்னால் உட்கார்ந்து பாடுகிறார். மனைவி வேஷம் கட்டுவது அவர் மகன் முரளி. வாசலில் கணவனை மறித்து அவர் அழுதார். என் கண்களும் கலங்கின. மஞ்சுளா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வரிகள் திரும்பப் பாடப்பட்டபோது கவனித்தேன். அவர் சொன்னது சரி. கேள்விகள் எல்லாம் அழுகைக்கு அடியில் கிடந்தன.

விடிந்ததும் வேஷக்காரர்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் போர்வையும் டீ கிளாஸுமாக ஊர். மஞ்சுளா என்னை அழைத்துப்போய் நிறுத்தினார்.

"சித்தப்பா, இவரு எங்க சாரு. ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"சொல்லட்டும். நான் வேஷம் கட்டல, பதில் பேசலாம் இல்ல?" என்றார் வெள்ளையன். சிரிப்பு எழுந்தது.

மேடையில் பேசிப் பழகியவன் நான். அன்று நாலு வாக்கியம் பேசத்தான் குரல் இருந்தது. "அந்தப் பத்திரிகையில கடைசியா வந்தது மஞ்சுளா எழுதினது இல்லீங்க. நான் எழுதினது. அவங்க உங்ககிட்ட நேர்ல சொன்னதையேதான் எழுதியிருந்தாங்க. அதை நான் அழிச்சிட்டேன்."

வெள்ளையன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் கண்ணீர்க் கொளம் நீங்கதானா?"

"நான்தாங்க."

"யோவ், கொளம் வெட்னவரு வந்துகீறாரு, டீ குடுங்கய்யா!" என்று மிருதங்கக்காரர் கத்தினார். ஊரே வெடித்துச் சிரித்தது. என் கையில் ஒரு கிளாஸ் வந்தது. வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க அப்டி செஞ்சீங்க?"

"உங்க மனசு நோகும்னு நெனச்சேன்."

"என்ன அதுக்கு முன்னால பாத்துகீறீங்களா?"

"இல்லீங்க."

"பாக்காத ஆளு மனசு ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" அவர் குரல் உயரவில்லை. "இத்தினி வருசம் இவள நான் நம்பல. வூட்டுக்கு வந்தா சோறு போட்டேன், பேச்சு குடுக்கல. அதுக்கு இப்ப இன்னா செய்வீங்க?"

"செய்ய என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றேன். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் தலையை ஒரு முறை ஆட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு மஞ்சுளா பக்கம் திரும்பினார். "ஏ மஞ்சு. அன்னிக்கி சொன்னத இப்ப சொல்லு. நான் கட்டல இப்ப, இவன் கட்றான். இவனாண்ட சொல்லு."

முரளி பாதி முகம் சிவப்பும் பாதி முகம் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்தார். மஞ்சுளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். "நீ நல்லா அழுவுற முரளி. அதான் தப்பு. அவ அழ வரல. அவன நிறுத்தி வெச்சி கேக்க வந்துகீறா." பாட்டின் ஒவ்வொரு வரியாக எடுத்து, எங்கே கேள்வி, எங்கே குரல் உடைந்து அது மறைந்துபோகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அச்சில் அழித்ததைவிட நீளமாக, கூர்மையாக.

முரளி வாயைத் திறந்தார். "ஏய், சாயம் கீது!" என்று நாலு பேர் அடக்கினார்கள். அவர் துணியை எடுத்து அவசர அவசரமாக முகத்தைத் தேய்த்தார். "காதுக்குப் பின்னால இன்னும் செகப்பு கீது, பொறு பொறு" என்று ஒரு பெண் அவர் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். மஞ்சுளா அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு வரிகளைச் சொல்லி முடித்தார். கடைசியில் முகம் சுத்தமாகி முரளி எழுந்து நின்றார்.

"முடிஞ்சுதா அக்கா? இப்ப நான் பேசறேன். ஜனம் அழத்தான் வருது. நான் கேள்வி கேட்டுகினு நின்னா, 'இன்னாடா இது, பஞ்சாயத்தா'ன்னு எழுந்து போய்டுவாங்க. நீ வேலூர்ல ஒக்காந்துகினு சொல்லுவ, நிக்கறவன் நான்!"

"போனா போவட்டும், ஒரு ஊர்ல கட்டிப் பாரேன்!"

"நீ வந்து கட்டேன்!"

வெள்ளையன் நடுவில் புகுந்து இருவரையும் திட்டினார். மிருதங்கக்காரர் மஞ்சுளா பக்கம் சேர்ந்தார். தலையைத் திருப்பிக் காட்டிய பெண் முரளி பக்கம் சேர்ந்தார். வெயில் ஏறும்வரை சண்டை நடந்தது. என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மஞ்சுளாவிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதை அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் முழுதாகப் பார்த்தேன். என் டீ ஆறிப்போயிருந்தது.

அதன் பிறகு நடந்தவை பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஒப்புக்கொண்டு எழுதியதையும், மஞ்சுளாவின் பத்தியையும் துறை இதழ் வெளியிட்டது. பாடத்தொகுப்பில் இப்போது இரண்டு பத்திகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. என்னுடையதற்குக் கீழே என் பெயர் இருக்கிறது. அதை வைத்துப் பாடம் நடத்தத் தயங்காதீர்கள், மாணவர்கள் சிரிக்கட்டும். முரளி ஒரு ஊரில் அழாமல் கட்டிப் பார்த்தாராம். மஞ்சுளா தொலைபேசியில் சொன்னார். "ஆம்பளைங்க பாதிப்பேரு பீடி வாங்கப் போய்ட்டாங்களாம் சார். பொம்பளைங்க எழுந்து முன்னால வந்து ஒக்காந்தாங்களாம். அடுத்த ஊர்ல மறுபடியும் அழுதுட்டான். இப்ப பாதி அழுவுறான், பாதி கேக்கறான். இன்னும் சண்ட போட்டுகினுதான் கீறோம்." காலை வட்டத்துக்கு இப்போது போகிறார். விமர்சனம் எழுதுவீர்களா என்று கேட்டதற்கு, "பாக்கலாம் சார்" என்றார்.

உங்கள் மேசைக்கும் ஒரு பிற்பகலில் இப்படி ஒரு பக்கம் வரும். எழுதியவர் எட்டாத இடத்தில் இருப்பார், அச்சகம் காத்திருக்கும், மேலே இருப்பவர் வந்து நிற்பார். உங்கள் மனதில் இரக்கமும் இருக்கும். அந்த இரக்கத்தை நம்பாதீர்கள். பக்கத்தை நிறுத்துங்கள். வேறு கட்டுரை கட்டாயம் இருக்கும், எனக்கும் இருந்தது.

இந்தக் கட்டுரையை உங்களிடம் தருவதற்கு முன் மஞ்சுளாவுக்கு அனுப்பினேன். பிழைகளைத் திருத்தி அனுப்பினார். முடிவில், அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில், "நான் அப்படிச் சொல்லவில்லை சார்" என்று குறித்திருந்தார்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.